கைப்பிடி மட்டும் இலவசம்

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்கள் ஒரே கம்பெனியில், அதுவும் ஒரே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பது ஒரு உறையில் இரண்டு கத்தியைச் செருகி வைத்த மாதிரி. கத்தியாவது வாய் திறந்து பேசாது.

அந்தக் குடைக் கம்பெனியின் புகார் மேஜைக்கு முதலில் வந்தவள் மூத்தவள்தான். கொழுந்தனுக்குக் கல்யாணமாகி இளையவள் வந்து சேர்ந்தபோது, பாவம், படித்த பெண் வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று இரக்கப்பட்டு, கம்பெனியில் சொல்லிச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை மூத்தவள் காசுகூடச் செலவழிக்காமல் செய்து முடித்தாள்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதில்லை. காற்றில் கிண்ணம் மாதிரி மேல்நோக்கி மலர்ந்துவிட்ட குடை, பட்டனை அமுக்கினால் திறக்காமல் அமுக்காதபோது திறக்கிற குடை, கைப்பிடி தனியாகக் கழன்று வந்த குடை என்று ஆட்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாங்கி வைத்து, சீட்டுக் கொடுத்து, பழுது பார்க்கும் அறைக்கு அனுப்ப வேண்டும். மூத்தவள் அனுப்புவதற்கு முன்னால், "காத்துல எதுக்குக் குடை பிடிச்சீங்க?" என்று நாலு வார்த்தை கேட்டுத்தான் அனுப்புவாள். இளையவள் எதுவும் கேட்பதில்லை. சிரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள். அதனால் அவள் பக்கம் எப்போதும் வரிசை நீளம். மூத்தவள் பக்கம் அவசரக்காரர்கள் மட்டும்தான் வருவார்கள். மேலே சுழலும் மின்விசிறியும் இளையவள் பக்கமாகத்தான் காற்றைக் கொட்டியது. அதற்கும் என்ன சொக்குப்பொடி போட்டாளோ என்று மூத்தவள் பல தடவை நினைத்ததுண்டு.

வீட்டில் அப்படியில்லை. கீழ்வீடு மூத்தவளுடையது, மாடி இளையவளுடையது. தண்ணீர் மோட்டாரை எப்போது போடுவது, வெளிவாசல் விளக்கை யார் அணைப்பது, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு யார் போவது எல்லாம் கீழே முடிவாகி மேலே போகும். மேலேயிருந்து "சரிக்கா" என்று பதில் வரும். அந்த "சரிக்கா"வில் சண்டைக்கு ஒரு நூல் இடம்கூட இல்லாததுதான் மூத்தவளுக்கு எரிச்சல். எதிர்த்து ஒரு வார்த்தை பேசித் தொலைத்தால் என்னவாம்.

புகார்ப் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். அவருக்கு ஆபீஸ் முழுவதும் வைத்த பெயர் "எதுக்கு". யார் லீவுச் சீட்டை நீட்டினாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எதுக்கு?" என்பார். தலைவலி என்றாலும் சரி, தங்கைக்குப் பிரசவம் என்றாலும் சரி, பதில் காதில் விழுவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிடுவார். பதில் அவருக்குத் தேவையே இல்லை. எதிரில் ஒரு ஆள் நின்று காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அந்த "எதுக்கு" ஓய்வு பெறப்போகிறார் என்றும், இரண்டு மருமகள்களில் ஒருத்திக்குத்தான் அவர் நாற்காலி என்றும் பேச்சு வந்த நாளிலிருந்து மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. துணி காயப்போடும்போதும் அதே நினைப்பு. நாற்காலியில் இளையவள். எதிரில் லீவுச் சீட்டோடு தான். இளையவள் சிரித்துக்கொண்டே, "எதுக்குக்கா?" என்கிறாள். கையிலிருந்த ஈரத் துணியை மூத்தவள் பிழிந்த பிழியில், அது வெயில் படாமலே காய்ந்துவிட்டது.

கம்பெனிக்கு ஒரு வளர்ச்சி அதிகாரி வந்து சேர்ந்ததும் அப்போதுதான். கம்பெனிக்கு ஃபோனில் ஒரு பக்கம் இருக்கிறதாம், அதை ஜனங்கள் பின்தொடர வேண்டுமாம், அதற்குத்தான் இவராம். சாக்ஸ் போடாமல் ஷூ போட்டிருந்தார். முதல் நாளே கூடத்தில் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார்.

"குடை விக்கிறதெல்லாம் பழைய தொழில். மழை பெஞ்சாத்தான் நம்மள நெனைக்கிறாங்க. மழை நின்னா மறந்துடுறாங்க. இனிமே நாம விக்கப்போறது குடை இல்ல, உறவு."

உறவு என்றால் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே, அதை யார் வாங்குவார்கள் என்று மூத்தவள் யோசித்தாள். ஆனால் முதலாளி கண் கலங்கிக் கைதட்டினார். அப்பா விட்டுப்போன கம்பெனி அவருடையது. குடை வியாபாரம் என்று வெளியில் சொல்லிக்கொள்ள அவருக்கு எப்போதுமே கொஞ்சம் கூச்சம். உறவு வியாபாரம் என்றால் கௌரவமாக இருந்தது.

மறுநாளிலிருந்து காலை மணி அடித்ததும் தையல் கூடம், கம்பிப் பிரிவு, பேக்கிங் எல்லாம் ஓடிவந்து ஒரு பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும். நேற்றுப் புதிதாக எத்தனை பேர் பின்தொடர்ந்தார்கள் என்று அதிகாரி வாசிப்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். பிறகு, பின்தொடர்ந்துவிட்டு விலகிப் போனவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் தலைகுனிந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும். இது முதலாளியின் சொந்த யோசனை. போனவர்களும் நம் வீட்டு ஆட்கள் மாதிரிதான் என்றார். அப்போது ஒருவரோ இருவரோதான் விலகினார்கள் என்பதால் யாருக்கும் கால் வலிக்கவில்லை.

அதோடு இன்னொரு அறிவிப்பும் வந்தது. வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு லிங்க் கொடுக்கப்படும். அந்த லிங்க் வழியாக வருகிற ஆட்கள் அவரவர் பெயரில் சேருவார்கள். "எதுக்கு" ஓய்வு பெறுகிற அன்று, இரண்டு மருமகள்களில் யார் பெயரில் அதிக ஆட்கள் நிற்கிறார்களோ, அவளுக்கே நாற்காலி.

"அனுபவம், வயசு இதெல்லாம்?" என்று மூத்தவள் கேட்டாள்.

"அதெல்லாம் அளக்க முடியாதும்மா. அளக்க முடியாதது இல்லாததுக்குச் சமம்" என்றார் அதிகாரி.

பின்தொடருகிறவர்களுக்கு என்ன வெகுமதி கொடுப்பது என்று எடைபோட ஒரு குழுவைப் போட்டார்கள். முதலாளி, அதிகாரி, முதலாளியின் மச்சான், பேக்கிங் தலைவர் ஆகியோரோடு, ஜனங்களோடு பேசிப் பழகியவர்கள் என்று இந்த இரண்டு பேரையும் உட்காரவைத்தார்கள். காலையில் ஆரம்பித்த கூட்டம் சாயங்காலம் வரை நடந்தது. விலையில் தள்ளுபடி தரலாமா என்று பேக்கிங் தலைவர் கேட்டதற்கு, தள்ளுபடி என்பது குடை வாங்குகிறவனுக்குத்தானே, நமக்கு வேண்டியது வாங்குகிறவன் இல்லையே என்று அதிகாரி மறுத்துவிட்டார். குலுக்கல் வைக்கலாம் என்றால், பரிசு விழாதவன் கோபித்துக்கொண்டு போய்விடுவான். பேசாமல் ஆளுக்கு ஒரு குடையையே கொடுத்துவிட்டால் என்ன என்று மச்சான் கேட்டார்.

அதிகாரி எழுந்து நின்றார். "குடை குடுத்துட்டா அவன் நனையமாட்டான். நனையாதவனுக்கு நாம எதுக்கு? நன்றிங்கிறது தேவை தீர்ற வரைக்கும்தான். தேவைய நாம தீர்க்கவே கூடாது. லேசா தொட்டுக் காட்டணும், அவ்ளோதான்."

முதலாளி இதைக் குறித்துக்கொண்டார். அப்படியானால் பாதிக் குடை கொடுக்கலாமா என்று கேட்டார். எந்தப் பாதி என்று மச்சான் கேட்டார். மேல் பாதியா கீழ்ப் பாதியா என்று விவாதம் டீ வரும் வரை ஓடியது. மூத்தவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த இளையவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கைப்பிடிய மட்டும் குடுங்க சார், பிடிச்சுக்கிட்டாவது நிக்கட்டும்" என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னாள். ஆனால் அதிகாரி அவளையே கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு பலகைக்குப் போய்க் குடைப் படம் ஒன்றை வரைந்து மூன்றாகக் கோடு கிழித்தார். பின்தொடருகிறவருக்குக் கைப்பிடி இலவசம். அவர் பத்துப் பேரைக் கூட்டிவந்தால் தண்டும் கம்பியும். இன்னும் பத்துப் பேர் வந்தால் துணி. முழுக் குடைக்காக ஊரே ஊரை இழுத்துக்கொண்டு வரும் என்றார். அதையெல்லாம் யார் கோத்துக் கொடுப்பது என்று பேக்கிங் தலைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். தானே கோத்துக்கொண்டால்தான் பொருள்மேல் பாசம் வரும் என்று பதில் வந்தது. பலகையின் மூலையில், யோசனை உபயம் என்று இளையவளின் பெயரையும் எழுதினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாவிட்டால் தெரிந்துவிடும் என்று மூத்தவளும் தட்டினாள்.

நியாயமாகப் பார்த்தால் அது தன்னுடைய யோசனைதான் என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளுக்குத் தோன்றியது. கைப்பிடி கழன்ற குடைகளை இத்தனை காலம் வாங்கி வைத்தவள் யார்? இன்னும் ஒரு கொட்டாவி விட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். வாய்க்குள் இருந்ததை அந்தப் பெண் பிடுங்கிச் சொல்லிவிட்டது.

போட்டி ஆரம்பமானது. இளையவள் மாடியில் நின்று ஒரு குடையைத் திறந்தாள், மூடினாள், சிரித்தாள். அதைப் படம் பிடித்து ஃபோனில் போட்டாள். அவ்வளவுதான் செய்தாள். மறுநாள் அவள் பெயரில் திரளாக ஆட்கள் நின்றார்கள். குடையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று மூத்தவளுக்கு விளங்கவேயில்லை. கண்ணாடி முன்னால் நின்று, தானும் ஒரு குடையைத் திறந்து சிரித்துப் பார்த்தாள். குடை திறந்தது. சிரிப்பு வரவில்லை. பின்னால் நின்று பார்த்த மாமியார், பல்வலியா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதனால் மூத்தவள் தன் வழியில் இறங்கினாள். தையல்காரர், மருந்துக்கடைக்காரர், தன் பிறந்தவீட்டுச் சித்தி, பெரியம்மா, பஸ் நிறுத்தத்தில் தினமும் பார்க்கிற நர்ஸ் என்று ஒருவரையும் விடவில்லை. "கொஞ்சம் ஃபோனைக் குடுங்களேன், மணி பாக்கணும்" என்று வாங்குவாள். தானே லிங்க்கைத் திறந்து, தானே அமுக்கி, மணி சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். சித்தியிடம் அவள் ஒரே நாளில் மூன்று தடவை மணி பார்த்தாள், ஏனென்றால் சித்தி வீட்டில் மூன்று ஃபோன் இருந்தது. கைப்பிடியை வாங்க வரச் சொல்லி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விளக்க வேண்டும், விளக்கினால் வேண்டாம் என்பார்கள்.

இவ்வளவு பாடுபட்டும் இளையவளின் முழங்கால் உயரத்துக்குக்கூட அவள் எண்ணிக்கை வளரவில்லை. ஒருநாள் ஆபீஸ் திரையில் இளையவளின் ஆட்களை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போனாள். எவ்வளவுதான் எரிந்தாலும் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, புண்ணைச் சொறிகிற சுகம் மாதிரி. கடைசிக்கு வந்தாள். முதன்முதலில் சேர்ந்த ஆளின் பெயர் அங்கே இருந்தது. அது மூத்தவளின் வீட்டுக்காரர் பெயர்.

லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனிதர் அவர். அன்று வேலையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அவ லிங்க்கையா அமுக்கினீங்க?"

"குடும்ப குரூப்புல போட்டிருந்தா. அமுக்குங்க மாமான்னா. அமுக்கினேன். நீ கேக்கவே இல்லியே."

"கட்டின பொண்டாட்டி கேட்டுத்தான் அமுக்கணுமா?"

"எனக்கென்ன தெரியும், கைப்பிடி குடுத்தாங்க" என்று அவர் அலமாரியிலிருந்து குடைக் கைப்பிடி ஒன்றை எடுத்துக் காட்டினார். வளைந்த பிடி. முதுகு சொறிய வாகாக இருக்கிறதாம்.

தாலி கட்டியது இங்கே, பின்தொடர்வது அங்கேயா என்று அவள் அன்று போட்ட சத்தம் மாடிவரை கேட்டிருக்கும். ஒரு ஆள் ஒரு பக்கத்தை ஒரு தடவைதான் பின்தொடர முடியும் என்பதால், முதலில் விலகவைத்தாள். பிறகு தன் லிங்க் வழியாகத் திரும்ப அமுக்கவைத்தாள். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சாப்பாடு.

மறுநாள் காலை மணி அடித்தது. கைதட்டினார்கள். விலகியவர்களுக்கு மௌனம் என்று அதிகாரி ஒலிபெருக்கியை எடுத்தார். அன்று ஒரே ஒரு பெயர்தான். மூத்தவளின் வீட்டுக்காரர் பெயர், அப்பா பெயரோடு சேர்த்து, கணீரென்று கூடம் முழுக்க ஒலித்தது. தையல் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கம்பிப் பிரிவுக்காரர் தொப்பியைக் கழற்றினார். மூத்தவள் தலைகுனிந்து நின்றாள். "எதுக்கு" மெல்லப் பக்கத்தில் நகர்ந்து வந்து, காதோடு, "எதுக்கும்மா போனாரு?" என்று கேட்டார். இளையவள் அவள் கையை ஆறுதலாகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைத்தான் மூத்தவளால் தாங்க முடியவில்லை.

மௌனம் முடிந்ததும் அதிகாரி திரையைப் பார்த்துத் திடுக்கிட்டார். போனவர் திரும்பி வந்திருக்கிறார். இதுவரை அப்படி ஒருவரும் வந்ததில்லை. முதலாளிக்குச் செய்தி போனது. அவர் மாடியிலிருந்து செருப்புக்கூடப் போடாமல் இறங்கி வந்தார். அன்றே வண்டி அனுப்பி மூத்தவளின் வீட்டுக்காரரை லிஃப்ட் குழியிலிருந்து கைக் கரியோடு அழைத்து வந்து மேடையில் ஏற்றினார்கள். குழு அவசரமாகக் கூடி, திரும்பி வந்தவருக்குக் கைப்பிடி போதாது, முழுக் குடையே கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது.

"நம்மள விட்டுப் போகாதவனுக்கு நம்ம அருமை தெரியாது" என்றார் முதலாளி. "போயிட்டு வந்தவனுக்குத்தான் தெரியும். கூடவே இருக்கிறவங்க எங்க போயிடப் போறாங்க, அவங்களுக்கு எதுக்கு வெகுமதி?"

வீட்டுக்காரர் ஒலிபெருக்கியில் இரண்டே வார்த்தை பேசினார். "நல்ல குடைங்க" என்றார். அதைப் படம் பிடித்துப் பக்கத்தில் போட்டார்கள். மூத்தவளுக்குக் கல்யாணத்தன்று வராத பெருமை அன்று வந்தது. ஓரக்கண்ணால் இளையவளைப் பார்த்தாள். அவள் மனதாரக் கைதட்டிக்கொண்டிருந்தாள். அதனால் பெருமை கொஞ்சம் குறைந்தது.

ஊர் அந்தப் படத்தைப் பார்த்தது. பின்தொடர்ந்தால் கைப்பிடி. விலகிப்போய்த் திரும்பி வந்தால் முழுக் குடை. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஏற்கனவே ஊரில் பாதிப்பேர் கையில் கைப்பிடி இருந்தது. கம்பிக்குப் பத்துப் பேரைக் கூட்டிவரலாம் என்றால், கூட்டிவர வேண்டிய பத்துப் பேரும் தலைக்கு ஒரு கைப்பிடியோடு இவர்களையே தேடிக்கொண்டிருந்தார்கள். எல்லோருமாக விலக ஆரம்பித்தார்கள்.

முதல் நாள் மௌனம் டீ நேரம் வரை நீண்டது. அடுத்த நாள் சாப்பாட்டு மணி வரை. பெயருக்கு ஒரு நிமிடம் என்பது முதலாளியின் வாக்கு, அதைக் குறைத்தால் போனவர்களுக்கு மரியாதைக் குறைவு. அந்த வாரத்துக்குள் தையல் மெஷின்களுக்கெல்லாம் உறை போட்டு மூடிவிட்டார்கள். தையல் பெண்கள் நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டார்கள். கம்பிப் பிரிவில் ஒருவர் மௌனத்திலேயே மயங்கி விழுந்தார். அவரைத் தூக்குகிறவர்களும் சத்தமில்லாமல்தான் தூக்க வேண்டியிருந்தது. புதுக் குடை ஒன்றும் தயாராகவில்லை. கிடங்கில் இருந்ததெல்லாம் திரும்பி வந்தவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் வசதிக்காகப் புகார் மேஜையிலேயே ஒரு கட்டம் போட்ட படத்தை ஒட்டிவைத்தார்கள். ஃபோனை அதற்கு நேரே காட்டினால் போதும், சேர்ந்துகொள்ளலாம். அப்படிச் சேர்கிறவர்கள் யார் பெயரிலும் வராமல் கம்பெனிப் பெயரில் போய்விடுவார்கள்.

அதிகாரி வாசலில் பெரிய பலகை ஒன்றை வைத்திருந்தார். அது வந்தவர்களை மட்டும் கூட்டிக் காட்டும், போனவர்களைக் கழிக்கத் தெரியாது. ஒரே ஆள் போய்ப் போய் வந்தால் அத்தனை தடவையும் ஏறும். கடைசியில் அந்த எண் ஊர் ஜனத்தொகையைத் தாண்டியது. முதலாளி கேக் வெட்டினார். பிறக்காதவர்கள்கூட நம்மைப் பின்தொடர்கிறார்கள் என்று அதிகாரி சொன்னதை அவர் நம்பினார்.

அப்போதுதான் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்தில் ஜனங்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். பலர் கையில் கைப்பிடி இருந்தது. பழக்க தோஷம், சிலர் அதை மேலே தூக்கியும் பிடித்திருந்தார்கள். கடைகளில் விலைக்குக் கேட்டாலும் குடை கிடைக்கவில்லை. புகார் மேஜைக்கு ஈரத் தலையோடு வந்தவர்களிடம், முதலில் விலகுங்கள், பிறகு வாருங்கள் என்று இரண்டு மருமகள்களும் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு" ஓய்வு பெறும் நாள் வந்தது. மௌனத்துக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு, அவருக்கு மாலை போட்டு, அவரவர் பெயரில் நிற்கிற ஆட்களைக் கணக்கெடுத்தார்கள். மூத்தவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். தோற்றுவிட்டோம் என்று அவளுக்குத் தெரியும். எதுக்குக்கா என்கிற சிரித்த குரல் காதில் ஏற்கனவே கேட்க ஆரம்பித்துவிட்டது.

திரையில் இளையவளின் பெயருக்கு நேரே கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அவளுடைய ஆட்கள் முக்கால்வாசிப் பேர் குடைக்காக விலகி, மேஜைப் படம் வழியாகத் திரும்பிக் கம்பெனிப் பெயரில் போய்விட்டார்கள். மீதிப்பேர் விலகியதோடு சரி, இன்னும் திரும்பவில்லை. மூத்தவளின் ஆட்களோ ஒருவர்கூட அசையவில்லை. தையல்காரர், மருந்துக்கடைக்காரர், சித்தியின் மூன்று ஃபோன் எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. தாங்கள் பின்தொடர்கிறோம் என்பதே தெரியாதவர்கள் எங்கே விலகுவது?

"இதுதான் விசுவாசம்" என்றார் அதிகாரி. "ஒரு கைப்பிடிகூட வாங்கிக்கல. எதையும் எதிர்பாக்கல. நம்மள நெனைக்கக்கூட இல்ல. இப்படிப்பட்ட ஃபாலோயர்தான் நமக்கு வேணும்."

நாற்காலி மூத்தவளுக்கே என்று அறிவித்தார்கள். இளையவள் முதல் ஆளாக வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மூத்தவள் அந்தத் தோளுக்கு மேலாக நாற்காலியைப் பார்த்தாள். தலை சாய்க்கத் திண்டு வைத்தது. அதற்கு நேர் மேலே தனியாக ஒரு மின்விசிறி. மனதுக்குள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எதுக்கு?" என்று சொல்லிப் பார்த்தாள். வெல்லக்கட்டியாக இனித்தது. அன்று சாயங்காலம் வீட்டிலும் அதே பயிற்சிதான். வீட்டுக்காரர் தண்ணீர் கேட்டார். "எதுக்கு?" என்றாள்.

மறுநாள் முதலாளி எல்லோரையும் கூட்டினார். ஆர்டர்கள் குவிந்து கிடப்பதால் இனிமேல் எல்லோரும் மௌனமாக நின்றால் கட்டுப்படியாகாது என்றார். அதற்காகப் போனவர்களுக்கு மரியாதை செய்யாமலும் விட முடியாது. ஆகவே, புகார்ப் பிரிவுப் பொறுப்பாளர் கம்பெனியின் சார்பில், எல்லோருக்குமாகச் சேர்த்து, தனியாக நிற்பார். பாக்கி நிற்கிற பெயர்கள் முடியும் வரை, மணி அடித்ததிலிருந்து மணி அடிக்கும் வரை. விசுவாசத்தின் பொருள் தெரிந்தவரையே தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று அவர் சொன்னதும் தையல் கூடம் மூத்தவளுக்காக மனதார ஒரு தடவை கைதட்டிவிட்டு, மெஷினுக்கு ஓடியது.

அன்றிலிருந்து மூத்தவள் நின்றாள். ஒலிபெருக்கி ஒரு பெயரைச் சொல்லும். தலைகுனிய வேண்டும். நிமிடம் முடிந்ததும் அடுத்த பெயர், புதிதாக யாராவது விலகியிருந்தால் அவர் பெயர் முதலில். நடுவில் பேசினால் அந்தப் பெயருக்கு மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதன்மேல் மின்விசிறி அது பாட்டுக்குச் சுற்றியது. புகார் மேஜையில் இளையவள் தனியாக உட்கார்ந்து, வருகிறவர்களோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்து பேசுகிறவர்களைப் பார்த்தாலே மூத்தவளுக்கு இப்போது வயிறு எரிந்தது.

நல்ல மழை ஊற்றிய ஒரு மத்தியானம், இளையவள் மேஜையை விட்டு எழுந்து வந்தாள். கையில் லீவுச் சீட்டு. மூத்தவள் எத்தனையோ நாளாகக் கனவு கண்ட காட்சி. எதிரில் இளையவள், சீட்டோடு, நின்றுகொண்டு. அந்த ஒரு வார்த்தை மூத்தவளின் நாக்கு நுனிவரை வந்தது. அதே சமயம் ஒலிபெருக்கி ஏதோ ஒரு பெயரைச் சொன்னது. தலை தானாகக் குனிந்தது.

இளையவள் பொறுமையாகக் காத்திருந்தாள். மௌனம் முடிந்தது. மூத்தவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பெயர். மறுபடியும் குனிந்தாள். ஒன்று முடிய ஒன்று. கடைசியில் இளையவளே சீட்டையும் பேனாவையும் குனிந்த முகத்துக்கு நேரே வாகாக நீட்டினாள். மூத்தவள் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள்.

"வரேங்க்கா" என்று இளையவள் காதோடு சொல்லிவிட்டு, ஃபோனில் என்னவோ அமுக்கிக்கொண்டே மேஜைப் பக்கம் நடந்தாள்.

ஒலிபெருக்கி அடுத்த பெயரைச் சொன்னது. இளையவளின் பெயர்.

மூத்தவள் தலைகுனிந்து நின்றாள். நிமிராமலே கண்ணை மட்டும் உயர்த்தினால் ஜன்னல் தெரியும். மேஜையில் ஒட்டிய படத்துக்கு நேரே ஃபோனைக் காட்டிவிட்டு, கிடங்குக்காரர் கொடுத்த புத்தம்புது முழுக் குடையை விரித்துக்கொண்டு, இளையவள் மழையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். எதற்குப் போகிறாள் என்று மட்டும் தெரிந்தால் போதும் மூத்தவளுக்கு. நிமிடம் முடிய இன்னும் பாதி இருந்தது.